அக்காவை மறக்காத டாக்டர்!

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் குட்டீஸ்? மலைக்கோட்டை, பிரியாணி, அப்புறம் பூட்டு! அந்தப் பூட்டுக்கு, 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பூட்டு என்றால் சாவியும் உண்டு அல்லவா? அந்தச் சாவிக்கு, பூட்டைத் திறப்பது தவிர வேறொரு வேலையையும் நம் ஊர்களில் கொடுத்து விட்டனர்.

பஸ் ஸ்டாண்டிலோ, சந்தையிலோ ஒருவருக்கு வலிப்பு வந்து கீழே விழுந்தால், கூட்டத்தில் யாராவது ஓடி வந்து, அவர் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பார். சற்று நேரத்தில் வலிப்பு நின்று விடும். இரும்புச் சாவி தான் நிறுத்தியது என்று எல்லாரும் நம்புவர்.

உண்மை அதுவல்ல. பெரும்பாலான வலிப்புகள், ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்று விடும். இரும்புக்கும், அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!

அப்படியானால் வலிப்பு எங்கிருந்து வருகிறது? வலிப்பு வரும் குழந்தையால் மற்றவர்களைப் போல் படிக்க முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடி, வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் வைல்டர் பென்பீல்டு. அவரிடம் பயின்ற இந்தியர் ஒருவர் தான், நம் வேலூரில் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அந்தக் கதையைப் பார்ப்போமா?

அம்மா கண்ட கனவு

அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், 1891 ஜனவரி 26ல் பிறந்தார் பென்பீல்டு. ஓர் அண்ணன், ரூத் என்ற அக்கா. வீட்டில் இவர் தான் கடைக்குட்டி. அப்பா, டாக்டராக இருந்தார். ஆனால், தொழில் நொடித்துப் போனது. பென்பீல்டுக்கு 8 வயதானபோது, அம்மா ஜீன், பிள்ளைகளை அழைத்துக் கொண்டு, ஹட்சன் என்ற ஊரில் இருந்த தன் பெற்றோர் வீட்டுக்கு வந்து விட்டார்.

பென்பீல்டின் 13வது வயதில், ரோட்ஸ் உதவித்தொகை பற்றிக் கேள்விப்பட்டார் அம்மா. அதைப் பெற்றால், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஆனால், புத்தகப் புழுவாக மட்டும் இருந்தால் அது கிடைக்காது. விளையாட்டிலும், நல்ல நடத்தையிலும் சிறந்து விளங்க வேண்டும். மகன் அதைப் பெற வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார் அம்மா.

மகனும் சளைக்கவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே, கால்பந்தில் வியர்வை சிந்தினார். பட்டம் பெற்ற பின், அங்கேயே கால்பந்து பயிற்சியாளராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அம்மா கண்ட கனவு பலித்தது. உதவித்தொகை பெற்று, ஆக்ஸ்போர்டு சென்றார்.

அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மேதை. அவரது வகுப்பில் அமர்ந்தபோது தான், மனித மூளையைப் போல் வியப்பான பொருள் உலகில் வேறில்லை என்று உணர்ந்தார் பென்பீல்டு.

உயிரோடு இருந்தபோதே மரணச் செய்தி!

முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். 1916 மார்ச் 24ல், இங்கிலாந்துக்கும், பிரான்சுக்கும் இடையிலான கடலில், 'சசெக்ஸ்' என்ற கப்பலில் சென்று கொண்டிருந்தார் பென்பீல்டு. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, அதைத் தாக்கியது. கப்பலின் முன்பகுதி சிதறிப் போனது, பலர் இறந்தனர். தூக்கி எறியப்பட்ட பென்பீல்டின் காலில் பலத்த காயம்.

அமெரிக்கப் பத்திரிகையில், அவர் இறந்து விட்டதாகவே செய்தி வெளியானது! ஆனால், அவரோ உயிர் பிழைத்து, ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் வீட்டில் தங்கி, உடல் தேறினார். பிழைத்த உயிரைப் பயனுள்ள விதத்தில் செலவிட வேண்டும் என்ற உறுதி, அப்போது அவர் மனதில் வேரூன்றியது.

டாக்டர் பட்டம் பெற்று, நியூயார்க்கில் மூளை அறுவை சிகிச்சை நிபுணரானார். 1928ல், ஜெர்மனியின் பிரெஸ்லா நகரில் இருந்த போர்ஸ்டர் என்ற டாக்டரிடம் சென்றார். போரில் தலையில் குண்டடி பட்டவர்களுக்கு, காயம் ஆறிய தழும்பால் வலிப்பு வரும். அந்தத் தழும்பை அகற்றி, வலிப்பை நிறுத்தி வந்தார் போர்ஸ்டர். அந்த முறையைக் கற்றுக் கொண்டு, கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் பணியில் சேர்ந்தார் பென்பீல்டு.

மேஜையில் அக்கா

அதே ஆண்டு டிசம்பரில், அம்மாவும், அக்கா ரூத்தும் மான்ட்ரியலுக்கு வந்தனர். ரூத்துக்கு அப்போது 43 வயது. ஆறு பிள்ளைகளின் தாய். இளம் வயதிலிருந்தே வலிப்பால் அவதிப்பட்டவர். இப்போது தலைவலியும் சேர்ந்து கொண்டது. பார்வையும் மங்கி வந்தது.

அக்காவைப் பரிசோதித்த பென்பீல்டு திடுக்கிட்டார். மூளையில் கட்டி! இத்தனை ஆண்டு கால வலிப்புக்கும் அதுவே காரணம்.

சொந்தக்காரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய டாக்டர்கள் தயங்குவர். கை நடுங்கி விட்டால்? ஆனால், அந்த ஊரில் இந்தச் சிகிச்சையில் அவரளவு தேர்ச்சி பெற்றவர் யார்? 1928 டிசம்பர் 11ல், தானே கத்தியை எடுத்தார். கட்டியோடு, மூளையின் வலது முன்பகுதியில் பெரும் பாகத்தையும் அகற்ற நேர்ந்தது. அப்படியும் கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. இன்னும் ஆழமாகப் போனால், அக்கா உயிர் பிழைக்க மாட்டார்.

ரூத் கண் விழித்தார், பேசினார், வீடு திரும்பினார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால், தம்பியின் கண், ஒரு சிறு மாற்றத்தைக் கவனித்தது.

ஓராண்டுக்குப் பின், ஒரு நாள் விருந்து சமைக்கத் தொடங்கினார் ரூத். விருந்தாளி ஒருவர், வீட்டார் நான்கு பேர். அவருக்கு அது மிகச் சாதாரண வேலை. ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியே சமைக்கத் தெரிந்தது. ஆனால், எதை முதலில் வைப்பது, எதைப் பிறகு செய்வது என்று வரிசைப்படுத்த முடியவில்லை. அடுப்படியில் குழம்பிப் போய் நின்றார். அறிவு இருக்கிறது; நினைவு இருக்கிறது; ஆனால், திட்டமிடும் திறன் எங்கோ போய் விட்டது!

மூளையின் முன்பகுதி எதற்காக இருக்கிறது என்று, அக்கா மூலம் கற்றார் பென்பீல்டு. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது. கட்டி மீண்டும் வளர்ந்தது. 1931ல் ரூத் இறந்தார்.

அழுது கொண்டு உட்கார்ந்து விடவில்லை தம்பி. அறுவை சிகிச்சை நிபுணர், நரம்பியல் டாக்டர், விஞ்ஞானி என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உழைத்தால் தான், இதற்கு விடை கிடைக்கும் என்று நம்பினார். ராக்பெல்லர் அறக்கட்டளை, 1932ல், 12 லட்சம் டாலருக்கும் மேல் நிதி தந்தது. 1934ல், மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது.

பேசிக் கொண்டே ஆபரேஷன்!

வலிப்பு என்பது என்ன தெரியுமா குட்டீஸ்? நம் மூளையில் உள்ள கோடானுகோடி நரம்புச் செல்கள், மிகச் சிறிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. வகுப்பில் ஒவ்வொருவராகப் பேசினால் பாடம் புரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால்? அப்படித் தான், செல்கள் ஒரே சமயத்தில் தாறுமாறாக மின்துடிப்பை வீசும்போது வலிப்பு வருகிறது.

கத்தலைத் தொடங்கி வைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அகற்றினால், வலிப்பு நிற்கும். ஆனால், அதே இடத்தின் பக்கத்தில் தான், பேசும் திறனும், கை அசைக்கும் திறனும் இருக்கலாம். தவறான இடத்தில் கத்தி பட்டால், வலிப்பு போகும். பேச்சும் போய் விடும்!

இதற்கு பென்பீல்டு கண்ட வழி, வியப்பானது. மூளைக்குத் தொடு வலி கிடையாது. எனவே, தலைத் தோலை மட்டும் மரத்துப் போகச் செய்து விட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்வார். மெல்லிய கம்பியால், மூளையின் ஒவ்வோர் இடத்தையும், லேசான மின்சாரத்தால் தொடுவார். ஓர் இடத்தைத் தொட்டால் விரல் அசையும். இன்னோர் இடத்தில் நாக்கு மரக்கும். வேறோர் இடத்தில் பேச்சு நின்று விடும். தொட்ட இடங்களில், எண் எழுதிய சிறு சீட்டுகளை வைத்துக் குறித்துக் கொள்வார். சில நோயாளிகளுக்கு, எப்போதோ கேட்ட பாட்டு மீண்டும் காதில் ஒலித்ததாம்!

இப்படிக் கிடைத்த விவரங்களால், 1937ல், மூளையின் எந்தப் பகுதி உடலின் எந்த உறுப்பை ஆள்கிறது என்ற வரைபடம் உருவானது. உதடு, கை விரல்களுக்கு மூளையில் இடம் மிக அதிகம், முதுகுக்கோ கொஞ்சமே. இன்றும் மருத்துவ மாணவர்கள் படிப்பது, அவரது அடிப்படையில் அமைந்த வரைபடத்தைத் தான்.

அதே காலத்தில், மூளையின் மின்துடிப்பைக் காகிதத்தில் கோடுகளாக வரையும் இ.இ.ஜி., கருவியுடன், ஹெர்பர்ட் ஜாஸ்பர் என்ற விஞ்ஞானியும் மான்ட்ரியல் வந்து சேர்ந்தார்.

அந்தக் கருவி, குழந்தைகளுக்குப் பெரிய நன்மை செய்தது. வலிப்பு என்றால், கீழே விழுந்து கை, கால் இழுப்பது மட்டுமல்ல. சில குழந்தைகள், பேசிக் கொண்டிருக்கும்போதே சில நொடிகள் அப்படியே வெறித்து நிற்பர். பின், ஒன்றுமே நடக்காதது போல் தொடர்வர். ஒரு நாளில் பல முறை இப்படி நேரலாம். ஒவ்வொரு முறையும் டீச்சர் சொன்ன ஒரு வரி, கரும்பலகையில் போட்ட கணக்கில் ஒரு படி, விடுபட்டுப் போகும். பகல் கனவு காண்கிறான் என்று திட்டும், அடியும் தான் கிடைக்கும்.

1935ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள், அந்த நொடிகளில் மூளையில் என்ன நடக்கிறது என்று இ.இ.ஜி.,யில் பதிவு செய்தனர். நொடிக்கு மூன்று முறை, கூர்மையான அலைகள் எழுந்து அடங்கின. அது கவனக் குறைவு அல்ல. அதுவும் ஒரு வகை வலிப்பு!

மறந்து போன பொறியாளர்

பென்பீல்டின் வாழ்வில், இன்னொரு சோதனையும் வந்தது. பொறியாளர் ஒருவருக்கு வலிப்பு நிற்க, 1951ல் மூளையின் பக்கவாட்டில், உட்பகுதியை அகற்றினார். இடது பக்கம் மட்டுமே செய்த ஆபரேஷன். அதே போன்ற ஆபரேஷன் பலருக்கும் நல்ல பலன் தந்திருந்தது. ஆனால், இந்தப் பொறியாளருக்கோ, புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. காலையில் நடந்தது, மாலையில் நினைவில்லை. அறிவு குறையவில்லை, பழைய படிப்பும் மறக்கவில்லை. புதிதாகக் கற்கும் வாசல் மட்டும் மூடிக் கொண்டது.

பென்பீல்டு அதை மறைக்கவில்லை. 1950ல் அங்கு வந்து சேர்ந்திருந்த பிரெண்டா மில்னர் என்ற இளம் உளவியலாளரிடம், நோயாளியை விரிவாகச் சோதிக்கச் சொன்னார். மூளையின் இரு பக்கமும், கடல் குதிரை வடிவில் 'ஹிப்போகேம்பஸ்' என்ற சிறு பகுதி உண்டு. ஒன்று போனாலும், மற்றொன்று சமாளிக்கும். இந்த நோயாளிக்கு வலது பக்கத்தில் இருந்தது, முன்பே பழுதாகி இருக்க வேண்டும் என்று இருவரும் கருதினர். அவர் 1964ல் இறந்த பின், மூளையைப் பரிசோதித்தனர். அவர்கள் கணித்தது சரியாக இருந்தது.

நாம் படிக்கும் பாடம், புதிதாகச் சந்தித்த நண்பனின் பெயர் எல்லாம் மனதில் பதிய, அந்தச் சின்னக் கடல் குதிரை தேவை என்று இப்படித் தான் தெரிய வந்தது. அதனால் தான் இன்று, வலிப்புக்காக ஆபரேஷன் செய்யும் முன், அந்தக் குழந்தையின் ஞாபக சக்தி, பேச்சு, படிப்பு எல்லாவற்றையும் சோதிக்கின்றனர். வலிப்பு நின்றால் மட்டும் போதாது. அந்தக் குழந்தை கற்கும் திறனும் பத்திரமாக இருக்க வேண்டும்!

இளம் வயது மூளை வளைந்து கொடுக்கும் தன்மை உடையது என்பதும், பென்பீல்டை மிகவும் கவர்ந்தது. பேச்சுப் பகுதி பழுதானாலும், சின்னக் குழந்தைகளுக்கு மறுபக்க மூளை பேசக் கற்றுக் கொள்ளும்; பெரியவர்களுக்கு அது கடினம். எனவே, வேற்று மொழிகளைச் சிறு வயதிலேயே கற்பது எளிது என்று எடுத்துச் சொன்னார். தன் பிள்ளைகளுக்கும், சிறு வயதிலேயே பிற மொழிகளைக் கற்கும் வாய்ப்பைத் தந்தார்.

வேலூருக்கு வந்த விளக்கு

1940களில், மான்ட்ரியலில் பென்பீல்டிடம் பயின்றவர்களில் ஒருவர், ஜேக்கப் சாண்டி. கேரள மாநிலம் கோட்டயத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1949ல், வேலூர் சி.எம்.சி., மருத்துவமனையில், இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு, சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதே பணியைத் தொடங்கினார் டாக்டர் பி.ராமமூர்த்தி.

1952 ஆகஸ்ட் 25ல், பச்சிளம் பருவத்திலேயே வலப்பக்கம் செயலிழந்து, வலிப்பாலும் அவதிப்பட்ட 19 வயது இளைஞருக்கு, வேலூரில் ஆபரேஷன் செய்தார் சாண்டி. வலிப்புக்காக நம் நாட்டில் நடந்த முதல் ஆபரேஷனாக அதைக் குறிப்பிடுகின்றனர். மான்ட்ரியலில் ஏற்றிய விளக்கு, வேலூரில் எரிந்தது.

வேலூர் டாக்டர்கள், 1980களின் இறுதியில் இன்னொரு புதிரையும் விடுவித்தனர். வலிப்பு வரும் பலரது ஸ்கேனில், ஒரு சிறு புள்ளி தென்படும். காசநோய்க் கட்டி என்று கருதி, பல மாதம் மருந்து கொடுத்து வந்தனர். ஆராய்ந்து பார்த்தபோது, பெரும்பாலானவை, நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போனதால் மூளையில் உண்டான கட்டி என்று தெரிந்தது! அசுத்தமான தண்ணீர், கழுவாத காய்கறி, கை கழுவாமல் தொட்ட உணவு ஆகியவை மூலம் அந்த முட்டை நம் உடலுக்குள் போகும். ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கிய கேரட்டை, பையிலிருந்து எடுத்ததும் கடிக்காமல், நன்றாகக் கழுவிச் சாப்பிடச் சொல்வது இதனால் தான்.

கடைசி வரை எழுத்து

ஆயிரத்துக்கும் அதிகமான வலிப்பு நோயாளிகளுக்கு, ஆபரேஷன் செய்தவர் பென்பீல்டு. 1953ல், பிரிட்டனின் உயரிய 'ஆர்டர் ஆப் மெரிட்' விருது கிடைத்தது. 1960ல் ஓய்வு பெற்றதும், கத்தியை வைத்து விட்டுப் பேனாவை எடுத்தார்.

படிக்கும் காலம் முதல், அம்மாவுக்கு வாரம் தவறாமல் கடிதம் எழுதுவது அவர் வழக்கம். அம்மா அவற்றைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் கடிதங்களை வைத்தே, தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். எவரும் தனியாக எதையும் சாதிப்பதில்லை என்ற பொருள் தரும் தலைப்பு அதற்கு. எழுதி முடித்த சில வாரங்களில், 1976 ஏப்ரல் 5ல், 85வது வயதில் காலமானார்.

உலகில், இன்று ஏறத்தாழ 5 கோடி பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக, உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முறையாகச் சிகிச்சை பெற்றால், 100ல் 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். இவர்களில் பெரும்பாலானோருக்கு, ஆபரேஷனே தேவையில்லை, மாத்திரையே போதும். திண்டுக்கல்லில், 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. வேடசந்தூரிலோ, நத்தத்திலோ இருக்கும் ஒரு குழந்தைக்கு, சிகிச்சை இப்போது எட்டாத தூரத்தில் இல்லை.

வலிப்பு உள்ள குழந்தைகளில் மிகப் பலர், மற்றவர்களைப் போலவே அறிவுள்ளவர்கள். ஆனால், இரவில் வலிப்பு வந்தால், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். சில மாத்திரைகளால் சோர்வு வரலாம். டாக்டரிடம் சொன்னால், மாற்றித் தருவார். தானாக நிறுத்துவது ஆபத்து. இவற்றை எல்லாம் விட, அந்தக் குழந்தையின் படிப்பைக் கெடுப்பது வேறொன்று. கேலி, பயம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று பள்ளியை விட்டு நிறுத்துவது.

உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பன் இருந்தால், பக்கத்தில் உட்காருங்கள். இது ஒட்டிக் கொள்ளும் நோயல்ல. அவன் சில நொடி வெறித்துப் பார்த்து நின்றால், டீச்சரிடம் சொல்லுங்கள். விடுபட்ட பாடத்தை எழுதிக் கொடுங்கள். அதற்கு, டாக்டராக வேண்டிய அவசியம் இல்லை. நல்ல நண்பனாக இருந்தால் போதும்!

வலிப்பு வந்தால்...

* பயப்படாமல், அருகில் உள்ள கூர்மையான பொருட்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள்.

* கழுத்துப் பட்டன், டை போன்றவற்றைத் தளர்த்தி, ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள்.

* சாவி, இரும்பு எதுவும் கையில் கொடுக்க வேண்டாம். வெங்காயம், செருப்பு முகரச் செய்ய வேண்டாம்.

* வாயில் எதையும் திணிக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. கை, காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது.

* கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, மீண்டும் மீண்டும் வந்தாலோ, உடனே பெரியவர்களிடம் சொல்லி, 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

* நினைவு திரும்பும் வரை கூடவே இருங்கள். கண் விழிக்கும்போது, சுற்றிலும் கூட்டம் நின்றால் சங்கடமாக இருக்கும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால், அதுவே பெரிய ஆறுதல்!